கிளிப் போட்ட பல்லில் சொத்தை விழாமல் இருக்க: செட்டிநாட்டுப் பெற்றோருக்கு ஒரு செய்முறைக் குறிப்பு

பல்லை நேராக்கக் கிளிப் போடும்போது ஒவ்வொரு பல்லிலும் பிராக்கெட் என்ற சிறு கட்டையை ஒட்டி, அதன் வழியே கம்பியை ஓட்டுவார்கள். அந்தப் பிராக்கெட்டின் விளிம்புக்கும் ஈறுக்கும் நடுவே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடம் இருக்கும். ஒரு நெல்மணி குறுக்காகப் படுக்கிற அகலம். கிளிப் போட்ட பிள்ளைக்குப் பல் கெட்டால் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். மேல்வரிசையில் நடு முன்பற்களுக்கு இருபுறமும் உள்ள சிறிய பற்களும் கோரைப் பற்களும், கீழ்வரிசையில் கோரைப் பல்லும் அதையடுத்த பற்களும் முதலில் அடி வாங்கும். ஒன்றரை, இரண்டு வருஷம் அந்த நெல்மணி அகலத்தை எப்படிக் காப்பது என்பதுதான் இந்தக் குறிப்பு.

கிளிப் வாய்க்குள் என்ன மாற்றுகிறது

கம்பியோ பசையோ பல்லை அரிப்பதில்லை. அரிப்பது கிருமி விடுகிற அமிலம். வாயில் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் எப்போதும் உண்டு, பெரும்பாலானவை தீங்கில்லாதவை. சொத்தை விஷயத்தில் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பது சர்க்கரையைத் தின்று அமிலம் விடுவதோடு, அதே சர்க்கரையிலிருந்து ஒரு பசையையும் திரித்துக்கொள்ளும். அந்தப் பசைதான் பல்லில் மெத்தென்று ஒட்டுகிற அழுக்குப் படலம். லாக்டோபேசிலஸ் என்பது ஏற்கெனவே புளித்துப்போன இடுக்கில் வந்து குடியேறி, இன்னும் புளிக்க வைக்கும்.

கிளிப் இல்லாத பல் வழவழப்பானது. நாக்கும் கன்னமும் உமிழ்நீரும் அதை நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருக்கும். கிளிப் போட்டதும் ஒவ்வொரு பல்லிலும் நான்கு பக்கம் விளிம்புள்ள ஒரு மேடை, அதன் மேல் ஒயர், ஒயரைப் பிடிக்க ரப்பர் என்று ஒதுங்குமிடம் பெருகிவிடுகிறது. கன்னம் துடைக்க முடியாது, உமிழ்நீர் ஓடாது. முதல் சில வாரங்களிலேயே மேற்சொன்ன இரண்டு கிருமிகளின் எண்ணிக்கையும் ஏறும். ஈறின் ஓரத்தில் காற்றில்லாமல் வாழும் வேறு கிருமிகளும் கூடி ஈறு சிவந்து தடிக்கும். கிளிப்பைக் கழற்றிச் சுத்தமாக வைத்தால் எண்ணிக்கை திரும்ப இறங்கிவிடும். ஆனால் இடைப்பட்ட காலத்தில் கரைந்துபோன எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேலோடு, முழுசாகத் திரும்பாது.

சர்க்கரை வாய்க்குள் போன சில நிமிஷத்தில் படலத்தின் அமிலத்தன்மை ஏறி, பி.எச். (அமிலம் கூடக் கூட இறங்குகிற அளவு) 5.5க்குக் கீழே போகும். அந்த அளவுக்குக் கீழே எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சமன்செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். கிளிப்புக்கு அடியில் உமிழ்நீர் எட்டாத இடத்தில் இன்னும் தாமதமாகும். இது தொடர்ந்து நடந்தால் நான்கே வாரத்தில் கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைத் திட்டு விழலாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன்பே என்று அர்த்தம். அதனால்தான் முதல் மாதத்தை நாங்கள் இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

கிளிப் போடும் பிள்ளைகள் பெரும்பாலும் 11 முதல் 14 வயதுக்குள் இருப்பார்கள். கோரைப் பல்லும் இரண்டாம் கடைவாய்ப் பல்லும் அப்போதுதான் முளைத்திருக்கும். புதிதாக முளைத்த பல்லின் எனாமல் இன்னும் முதிர்ந்திருக்காது, சீக்கிரம் கரையும். பெரியவர்களுக்குக் கிளிப் போடுவதைவிடப் பிள்ளைகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டியது இதனால்தான்.

போடுவதற்கு முன்

இருக்கிற சொத்தையை எல்லாம் முதலில் அடைத்துவிட வேண்டும். பல்லிடுக்கில் ஒளிந்திருக்கும் சொத்தை கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கடைவாய்ப் பல்லின் மேல் ஆழமான கோடுகள் இருந்தால் அவற்றை மூடுகிற சீலன்ட் பூச்சைப் பூசிக்கொள்வது நல்லது. காரை, அதாவது பல்லில் கல்லாக இறுகிய அழுக்கு, இருந்தால் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

பிரஷ் பண்ணும்போது ஈறிலிருந்து ரத்தம் வருகிற பிள்ளைக்கு உடனே கிளிப் போட வேண்டாம். வெறும் பல்லையே சுத்தம் செய்யாத கை, கிளிப் போட்ட பல்லைச் செய்யாது. இரண்டு மூன்று வாரம் ராத்திரிதோறும் ஒழுங்காகத் தேய்த்து ரத்தம் நின்ற பிறகு தேதி வாங்குங்கள். லீவில் போட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் பலர் இந்த ஒரு படியைத் தாண்டிவிடுகிறார்கள்.

போடும் முன் பற்களை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். சில பிள்ளைகளுக்குத் தண்ணீரில் உள்ள ஃபுளூரைடு கூடியதால் முன்னமே வெள்ளைக் கோடுகள் இருக்கும். அவை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பல் முழுக்கப் படுக்கைவசமாக ஓடும். கிளிப்பால் வருகிற திட்டு பிராக்கெட்டைச் சுற்றி வளைந்து, ஈறோரத்தில் பிறை போல நிற்கும். போட்டோ இருந்தால் பின்னால் குழப்பம் வராது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து வீடுகளில் ஓட்டில் விழும் மழைநீரை முற்றத்தில் பிடித்துக் குடித்த வழக்கம் உண்டு. ஊருணித் தண்ணீரும் மழைத் தண்ணீர்தான். மழைநீரில் ஃபுளூரைடு கிட்டத்தட்ட இல்லை. இன்று பல வீடுகளில் ஆர்.ஓ. தண்ணீர், அதிலும் பெரும்பகுதி வடிகட்டப்பட்டுவிடும். போர் தண்ணீரில் எவ்வளவு என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும். ஃபுளூரைடு அளவோடு இருந்தால் எனாமலைக் கரையாமல் காக்கும். ஆகவே பல்லுக்கு வேண்டிய ஃபுளூரைடைப் பேஸ்ட்டிலிருந்து தருவதுதான் நம் கையில் உள்ள வழி.

வாங்கி வைக்க வேண்டியவை

சிறிய தலையுள்ள மென்மையான பிரஷ், அல்லது நடுவரிசை குட்டையாகப் பள்ளமாக இருக்கும் கிளிப் பிரஷ். ஒயருக்கு அடியில் நுழைகிற குட்டிக் கூம்புப் பிரஷ்; பாட்டில் கழுவும் பிரஷைச் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சுருக்கினாற்போல இருக்கும். திணிக்காமல், ஆனால் ஓரங்களை உரசிக்கொண்டு நுழைகிற அளவாகப் பாருங்கள். கடைசிப் பல்லுக்கு ஒற்றைக் குஞ்சப் பிரஷ். குத்துகிற ஒயர் முனையில் வைக்கக் கொஞ்சம் மெழுகு. கிளிப் போட்டால் பிரஷ் சீக்கிரம் தேயும். மூன்று மாதம் காத்திராமல், நார் விரிந்ததும் மாற்றுங்கள்.

பேஸ்ட் வாங்கும்போது படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள். இந்தியச் சட்டப்படி பற்பசையில் ஃபுளூரைடு 1000 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) மேல் இருக்கக் கூடாது. எவ்வளவு என்று டியூபில் அச்சிட வேண்டும். கிளிப் போட்ட பிள்ளைக்கு 1000க்குப் பக்கத்தில் உள்ளதாகவே வாங்குங்கள். மூலிகைப் பேஸ்ட், பல்பொடி பலவற்றில் ஃபுளூரைடே கிடையாது. கரித்தூளும் உப்புப் பொடியும் பிராக்கெட் ஓரத்தில் போய் அடைவதோடு எனாமலையும் தேய்க்கும். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பது கிளிப் இல்லாத பல்லுக்குச் சொன்னது. குச்சியால் ஒயருக்கு அடியில் போக முடியாது; பிராக்கெட் பெயர்ந்துவிடும்.

ராத்திரி ஐந்து நிமிஷம்

காலையில் மூன்று நிமிஷம் தேய்த்தால் போதும். ராத்திரித் தேய்ப்புதான் முக்கியம், ஏனென்றால் தூங்கும்போது உமிழ்நீர் மிகக் குறைந்துவிடும். சாப்பிட்டு முடித்து, இனி எதுவும் வாயில் போவதில்லை என்ற நேரத்தில் கண்ணாடி முன் நிற்கட்டும்.

கொக்கியில் மாட்டுகிற ரப்பர் இருந்தால் கழற்றிவிட்டு, தண்ணீரை வாயில் ஊற்றிப் பல்லிடுக்கு வழியாக நன்றாக அலசிக் கொப்பளிக்க வேண்டும். முதலில் கூம்புப் பிரஷ். பேஸ்ட் வேண்டாம், ஈரமாக இருந்தால் போதும். ஒவ்வொரு இரண்டு பிராக்கெட்டுக்கும் நடுவே, ஒயருக்கு அடியில் மேலிருந்து கீழே விட்டு நான்கைந்து முறை, பிறகு கீழிருந்து மேலே விட்டு நான்கைந்து முறை. பிராக்கெட்டின் பக்கவாட்டை உரசிக்கொண்டு போக வேண்டும். பிரஷை அடிக்கடி தண்ணீரில் அலசுங்கள். அதில் வருவதைப் பார்த்தாலே எதற்காக இதைச் செய்கிறோம் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

அடுத்து பெரிய பிரஷ், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பேஸ்ட். மூன்று கோணம் என்று பழக்குங்கள். முதல் கோணம்: நார் ஈறைப் பார்த்துச் சாய்ந்திருக்க, ஈறுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே, அதாவது நாம் பேசுகிற நெல்மணி அகலத்தில், சிறிய வட்டமாக. இரண்டாம் கோணம்: பிராக்கெட்டின் மறுபக்கம், பல்லின் நுனியிலிருந்து ஒயரைப் பார்த்து. மூன்றாவது: நேராகப் பிராக்கெட்டின் மேல். ஒரு நேரத்தில் இரண்டு பல், ஒவ்வொரு கோணத்துக்கும் மனசுக்குள் ஐந்து வரை எண்ணட்டும். பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாவதை மட்டும் செய்துவிட்டு முடித்துவிடுவார்கள். கம்பி பளபளக்கும், ஈறோரம் அப்படியே இருக்கும். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு வலப்பக்கக் கோரைப் பல் அடிக்கடி விட்டுப்போகும், ஏனென்றால் அங்கே மணிக்கட்டைத் திருப்ப வேண்டும்.

பிறகு பல்லின் உட்பக்கமும் மெல்லும் பக்கமும். கடைசியில் ஒற்றைக் குஞ்சப் பிரஷால் கடைவாய்ப் பல்லைச் சுற்றிச் சிமென்ட் வைத்து மாட்டியிருக்கும் உலோக வளையத்தின் ஓரத்தையும் அதற்குப் பின்னாலும். முடிந்ததும் துப்ப வேண்டும். தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது. கொப்பளித்தால் பல்லில் ஒட்டி வேலை செய்ய வேண்டிய ஃபுளூரைடு வாஷ்பேசினில் போய்விடும். பிள்ளைக்கு முதலில் இது பிடிக்காது, ஒரு வாரத்தில் பழகிவிடும்.

சரியாகத் தேய்த்ததா என்று வாரம் ஒரு முறை பெரியவர்கள் பார்க்க வேண்டும். டியூப் லைட்டை நம்ப வேண்டாம். காலை எட்டு மணிக்கு வளவில் முற்றத்து வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்கார வைத்து, உதட்டைத் தூக்கி, சுத்தமான துணியால் பல்லின் ஈரத்தை ஒற்றியெடுத்துப் பாருங்கள். பிராக்கெட்டின் நான்கு விளிம்பும் கூர்மையாகத் தெரிய வேண்டும். விளிம்பு மங்கி மாவு அப்பினாற்போல இருந்தால் அது படலம். கடையில் கிடைக்கும் படலம் காட்டும் மாத்திரையை மென்று துப்பினால் விட்டுப்போன இடம் நிறமேறிக் காட்டும். மாதம் இரண்டு முறை போதும்.

பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு முதல் மாதம் பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. தகப்பனார் வெளிநாட்டில், பிள்ளை ஐயா, அப்பத்தாவோடு இருக்கிறது என்றால், கிளிப் போடும் நாளில் அப்பத்தாவையும் கூட்டிப் போங்கள். மூன்று கோணத்தை அவர்களுக்கும் டாக்டரே காட்டட்டும்.

பேஸ்ட்டுக்கு மேல் வேறென்ன

திட்டு விழும் ஆபத்து கூடுதலான பிள்ளைக்கு, 0.05 சதவீத சோடியம் ஃபுளூரைடு வாய்க்கொப்பளிப்பு தினம் ஒரு முறை, 10 மில்லி, ஒரு நிமிஷம். தேய்க்கிற நேரத்தில் வேண்டாம். பள்ளி விட்டு வந்த பிறகு வைத்துக்கொண்டால் ஃபுளூரைடு இன்னொரு வேளை கிடைத்த மாதிரி. அடுத்த அரை மணி எதுவும் சாப்பிடக் கூடாது. விழுங்காமல் துப்பத் தெரிந்த, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு மட்டும்.

டாக்டர் பூசும் ஃபுளூரைடு வார்னிஷ் இன்னும் வலுவானது: 5 சதவீத சோடியம் ஃபுளூரைடு, அதாவது 22,600 பி.பி.எம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒயர் மாற்றும் நாளிலேயே பூசிவிடலாம். பூசிய பின் சில மணி நேரத்துக்குக் கடினமானதும் சூடானதும் வேண்டாம்.

குளோர்ஹெக்சிடின் என்ற மருந்துக் கொப்பளிப்பு கிருமியைக் குறைக்கும். ஆனால் அதை மாதக்கணக்கில் ஊற்றக் கூடாது. பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி கெடும். ஈறு வீங்கி ரத்தம் வரும்போது டாக்டர் சொன்னால் இரண்டு வாரம், பேஸ்ட் போட்டுத் தேய்த்து அரை மணி கழித்து. பேஸ்ட்டின் நுரை அதன் வேலையைக் கெடுக்கும் என்பதால்தான் இந்த இடைவெளி. எச்சிலில் கிருமி எண்ணும் சோதனையும் உண்டு. செலவு செய்ய வேண்டாம். ஈறோரப் படலமும் ரத்தமும் அதே சேதியைச் சொல்லிவிடும்.

சாப்பாடு: எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை

காலைக் காப்பி சர்க்கரையோடு, பதினோரு மணிக்கு பிஸ்கட், நாலு மணிப் பலகாரம், ஆறு மணிக்கு ஒரு மிட்டாய், படுக்கப் போகும்போது சர்க்கரை போட்ட பால். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அரை மணி முதல் ஒரு மணி வரை பல் அமிலத்தில் ஊறுகிறது. சேர்த்தால் மூன்று, நான்கு மணி நேரம். அதே இனிப்பை மத்தியானச் சாப்பாட்டோடு ஒரே தடவையில் கொடுத்தால் ஒரே ஒரு முறைதான் அமிலம் ஏறும். கிளிப் காலத்தில் இனிப்பை நிறுத்த வேண்டும் என்று நாங்கள் சொல்வதில்லை. சாப்பாட்டு இலையோடு முடித்துவிட வேண்டும் என்கிறோம். ராத்திரிப் பால் மட்டும் சர்க்கரை இல்லாமல், தேய்ப்பதற்கு முன்பாக.

நம் ஊர்ப் பலகாரத்தில் எதைக் கொடுக்கலாம் என்பதற்கு இரண்டு கேள்வி: உடைக்குமா, ஒட்டுமா? மணகோலம் இரண்டும் செய்யும். கடினம், மேலே பாகு. வெல்லமும் மாவும் பிராக்கெட் இடுக்கில் போய் மணிக்கணக்கில் நிற்கும். கார்த்திகைப் பொரி உருண்டையும் அப்படித்தான். பொரியில் ஒட்டியிருக்கும் உமி ஈறுக்குள் இறங்கினால் வீங்கும். இந்த இரண்டையும் கிளிப் கழற்றும் வரை தள்ளி வையுங்கள். சீப்புச் சீடை ஒட்டாது, ஆனால் முன்பல்லால் கடித்தால் பிராக்கெட் போகும். உடைத்துக் கடைவாயில் போடுகிற பிள்ளைக்குக் கொடுக்கலாம். தேன்குழல் பரவாயில்லை. மாவுருண்டை வாயில் கரைவது போல இருந்தாலும் நெய்யும் சர்க்கரையும் கலந்த மாவு ஒயரில் அப்பிக்கொள்ளும். கவுனி அரிசி பிசுபிசுப்பு, விருந்துச் சாப்பாட்டில் ஒரு கரண்டியோடு நிறுத்தி உடனே வாயை அலச வேண்டும். பால் பணியாரம் மெத்தென்று இருப்பதால் கிளிப்புக்குச் சேதமில்லை. இனிப்பு என்பதால் சாப்பாட்டோடு. நாலு மணிக்குக் கொடுக்க நல்லது வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும். அதிலும் மாவு உண்டு, மாவையும் கிருமி தின்னும். ஆனால் பாகு போட்ட எதையும்விட எவ்வளவோ மேல்.

கருப்பட்டி உடம்புக்கு நல்லது, அதனால் பல்லுக்கும் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை வீட்டுக்கு வீடு இருக்கிறது. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சாதாரணச் சர்க்கரைதான். மியூட்டன்ஸ் பசை திரிப்பதும் அதே சுக்ரோஸில்தான். பனைக்கும் கரும்புக்கும் கிருமி வித்தியாசம் பார்க்காது.

கோழியும் ஆட்டுக்கறியும் எலும்பிலிருந்து பிரித்து வையுங்கள்; எலும்பைக் கடிப்பதும் நண்டு ஓட்டை உடைப்பதும் வேண்டாம். கொய்யா, ஆப்பிளை நறுக்கிக் கொடுங்கள். சோளக்கதிரை உதிர்த்துக் கொடுங்கள். பொங்கல் கரும்பு வேண்டவே வேண்டாம்.

பன்னீர் சோடா, கோலா போன்றவற்றில் சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. பாட்டிலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உறிஞ்சுவதுதான் மிக மோசம். குடித்தே ஆக வேண்டும் என்றால் சாப்பாட்டோடு ஒரே மூச்சில், பிறகு வெறும் தண்ணீர். உடனே பிரஷ் போட வேண்டாம். இளகியிருக்கும் எனாமல் தேய்ந்துபோகும். அரை மணி விடுங்கள்.

கழற்றி மாட்டும் பிளேட், அலைனர்

பிளேட் என்பது அண்ணத்தில் உட்காரும் பிளாஸ்டிக் தகடு; அலைனர் என்பது பல்வரிசையின் மேல் உறை போல மாட்டும் தெளிவான பிளாஸ்டிக். இரண்டையும் கழற்ற முடியும் என்பதால் பல் தேய்ப்பது சுலபம். ஆனால் பிளேட்டின் உட்பக்கத்தில் கிருமியும், கேண்டிடா என்ற பூஞ்சையும் வளரும். மேலண்ணத்தில் பிளேட்டின் வடிவத்திலேயே சிவந்திருந்தால் இதுதான். தினம் தனி பிரஷ், சாதாரண சோப்பு, பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் பிளேட் வளைந்துபோகும், பிறகு பல்லில் உட்காராது. அலைனர் போட்டபடி வெறும் தண்ணீர் தவிர எதையும் குடிக்கக் கூடாது. இனிப்பு உள்ளே தேங்கி நிற்கும், உமிழ்நீர் நுழையவே முடியாது. சாப்பிடும்போது கழற்றினால் டப்பாவில்தான் வைக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் இலையோரம் வைத்தால் இலையோடு போய்விடும்.

எப்போது உடனே போக வேண்டும்

பிராக்கெட் பெயர்ந்து ஒயரில் ஆடினால், அதற்கும் பல்லுக்கும் நடுவே சாப்பாடு போய் அடையும். அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து என்று விட்டுவிடாமல் போன் செய்யுங்கள். அதைவிட ஆபத்து கடைவாய் வளையம். உள்ளே உள்ள சிமென்ட் கரைந்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளுக்குள் சொத்தை ஓடும். விரலால் அழுத்தினால் வளையம் மேலும் கீழும் நகர்வது, அந்தப் பக்கம் மட்டும் கெட்ட ருசி, எச்சில் குமிழி வருவது, இவை அடையாளம். இரண்டு நாளுக்குள் காட்டிவிடுங்கள். பொன்னமராவதி, திருமயம் பக்கம் இருப்பவர்களுக்குப் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஒயர் மாற்றப் போகும்போது டாக்டரிடம் மூன்றைக் கேளுங்கள். பிராக்கெட்டைச் சுற்றி வழிந்த பசையைச் சுரண்டி எடுத்திருக்கிறதா. சொரசொரப்பான பசையில்தான் படலம் முதலில் பிடிக்கும். படலம் அதிகம் பிடிக்கும் பிள்ளைக்குக் கலர் ரப்பருக்குப் பதில் கம்பிக் கட்டுப் போட முடியுமா. ஒயரைக் கழற்றியிருக்கும் நேரத்தில் பல்லைச் சுத்தம் செய்துவிட முடியுமா.

வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டால்

ஈரத்தை ஒற்றியதும் சுண்ணாம்பு போல மங்கலாக, பளபளப்பில்லாமல் தெரிந்தால் அங்கே எனாமல் இன்னும் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் குழி விழவில்லை, நிறுத்த முடியும். ராத்திரித் தேய்ப்பைப் பெரியவர் கைக்கு மாற்றுங்கள், இடைப்பலகாரத்தை நிறுத்துங்கள், வார்னிஷ் போடச் சொல்லுங்கள். திட்டு பளபளப்பாகி வழுவழுத்தால் நின்றுவிட்டது என்று பொருள். வெண்மை கொஞ்சம் தங்கலாம்.

மூன்று நான்கு முறை எச்சரித்தும் படலம் குறையாமல் திட்டு கூடிக்கொண்டே போனால், சிகிச்சை பாதியில் நின்றாலும் கிளிப்பைக் கழற்றிவிடச் சொல்ல வேண்டும். கோணலான நல்ல பல்லைப் பிறகு நேராக்கலாம். நேராக நிற்கும் சொத்தைப் பல்லை வைத்து என்ன செய்வது? கட்டிய பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம்.

கிளிப் கழற்றிய பின் தெரியும் திட்டுகளை உடனே ராவி அடைக்கக் கூடாது. ஃபுளூரைடு பேஸ்ட்டோடு மூன்று முதல் ஆறு மாதம் விட்டால் உமிழ்நீரே ஓரளவுக்குச் சரிசெய்யும். அதன் பிறகும் முன்பல்லில் கண்ணை உறுத்தினால், துளையிடாமல் ரெசின் ஊற வைத்து மறைக்கிற சிகிச்சை இருக்கிறது. நேராக்கிய பல் திரும்ப நகராமல் இருக்கக் கீழ்ப்பல்லின் பின்னால் ஒட்டிய ரீட்டெய்னர் ஒயரில் சொத்தையைவிடக் காரைதான் சேரும், ஆகவே கூம்புப் பிரஷைத் தூக்கிப் போட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அங்கே சுத்தம் செய்துகொள்ளுங்கள்.